கயிற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் சங்கம்

1

நாங்கள் புனேவுக்கு வந்து இருபது வருடம் முடிந்த அதே வாரத்தில் என் கணவரின் பெயர் விதி மீறியவர்களின் பதிவேட்டில் ஏறியது. எழுதியவள் எங்கள் மகள். தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சேர்த்து மராத்தியில், அழகான கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதினாள். அதே பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் 'ணே'வுக்குக் கொம்பு முன்னால் வருமா பின்னால் வருமா என்று இன்றைக்கும் என்னைத்தான் கேட்பாள்.

இதை ஊரில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். புனேவில் எங்கள் பேட்டையான தாபோடியில் இருக்கிறவர்களுக்கு எழுதத் தேவையில்லை. சுற்றுலா பஸ் திரும்பி வருவதற்கு முன்பே செய்தி இங்கே வந்துவிட்டது.

என் கணவர் கணேசன் அரக்கோணத்துக்காரர். இங்கே ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். நான் பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். தொண்ணூறில் கல்யாணம் முடிந்து ஒரு ட்ரங்குப் பெட்டியோடு இங்கே வந்தேன். இப்போது ஒரு பால்வாடியில் வேலை பார்க்கிறேன். என் மராத்தியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாலு வயதுக்காரர்கள். ஆகவே 'கை கழுவு', 'தள்ளாதே', 'யார் அழுதது', 'சமர்த்தாக உட்கார்' ஆகிய விஷயங்களை நான் யாரோடும் சரளமாகப் பேசுவேன். அதற்கு மேல் போனால் திணறுவேன்.

எங்கள் பேட்டைத் தமிழர்களுக்கு ஒரு சின்னச் சங்கம் உண்டு. பொங்கலுக்கு ஒரு விழா, மார்ச்சில் ஒரு சுற்றுலா, இரண்டுக்கும் நடுவில் சண்டை. கணேசன் அதற்குச் செயலாளர். செயலாளர் என்றால் நாற்காலி வாடகைக்கு எடுப்பவர், மைக் செட்காரரிடம் கெஞ்சுபவர், மீந்த சாம்பாரை என்ன செய்வது என்று முடிவு செய்பவர். தலைவர் பெருமாள் ஓய்வு பெற்ற சூப்பர்வைசர். தலைவர் என்றால் புகைப்படத்தில் நடுவில் நிற்பவர்.

இருபது வருடமாக எல்லாச் சுற்றுலாவும் மலைக்குத்தான் போயிருக்கிறது. மலையில் ஒரு கோயில், கோயிலில் ஒரு வரிசை, வரிசை முடிந்ததும் புளிசாதம். இந்த முறை கடலுக்குப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். அதை இப்போதே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

2

கடல் ஆசை எனக்கு ரேவதியால் வந்தது. அவள் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருடம். சனி ஞாயிறானால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கொங்கணக் கடற்கரைக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு இடத்தில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி, நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. கழியைப் படகில் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். அந்த மணலில் ஆமைகள் முட்டை வைக்கின்றன, பறவைகள் முட்டை வைக்கின்றன. அவற்றை மனிதர்களிடமிருந்து காப்பாற்றும் கூட்டத்தில் எங்கள் பெண்ணும் ஒருத்தி.

அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்த இடமும் அச்சாக அதேதான். முன்னால் கடல், பின்னால் ஏரி, நடுவில் மணல். அதற்கு ஒரு பெயர் உண்டு என்றோ, அதைப் பார்க்க ஆட்கள் டிக்கெட் வாங்கி வருவார்கள் என்றோ எங்களுக்குத் தெரியாது. ஆமை ஏறிப் போன தடம் தெரிந்தால் என் அப்பா ஒரு குச்சியால் மணலைக் குத்திப் பார்ப்பார். குச்சி சட்டென்று உள்ளே இறங்கினால் அன்றைக்கு வீட்டில் முட்டை. எத்தனை நேரம் வேகவைத்தாலும் வெள்ளைக்கரு இறுகாது. ஓட்டைக் கிள்ளி உறிஞ்சவேண்டும்.

இதை நான் ரேவதியிடம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், உங்க ஊர்ல இப்பவும் அப்படித்தானா என்று கேட்டாள். உங்க ஊர் என்றுதான் எப்போதும் சொல்வாள். நம்ம ஊர் என்று அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவளுக்கு ஊர் தாபோடி, அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்கும்போது சுருக்கென்று இருக்கும்.

3

இருபது பேருக்கு மேல் போனால் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். நாங்கள் நாற்பத்திரண்டு பேர். கணேசன் சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். முத்திரை இல்லை என்று திரும்பி வந்தது. முத்திரை குத்திக்கொண்டு போனார். முத்திரை தமிழில் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எப்படி எடுத்துக்கொள்வது என்று திரும்பி வந்தது. மூன்றாம் முறை என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்சாலை இந்தி. அதில் பாதி வசவு.

அங்கே இருந்த எழுத்தர் பொறுமையான மனிதர். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். மராத்தியில் ஆமைக்குக் காசவ். கசாப்புக்கடைக்காரருக்குக் கசாய். நான் சமர்த்தாக உட்கார்ந்து, நாற்பத்திரண்டு பேரும் குழந்தை குட்டிகளோடு கசாயைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. கசாய் என்ன செய்வதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். முட்டையிலிருந்து வெளியே வந்து கடலுக்குள் போவதைப் பார்ப்போம் என்றேன். அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

அனுமதியோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். கயிறு கட்டிய இடத்துக்குள் போகக் கூடாது. காய்ந்த மேல்மணலில் நடக்கக் கூடாது, ஈர மணலில்தான் நடக்கவேண்டும். நாய் கூடாது, பந்து கூடாது, பட்டம் கூடாது, பாட்டுப்பெட்டி கூடாது. கொண்டுவந்த குப்பையைத் திரும்பக் கொண்டுபோகவேண்டும். ஆமைக்குஞ்சுகளைத் தொடக் கூடாது. கணேசன் ராத்திரி சாப்பாட்டையும் மறந்து அத்தனையையும் தமிழில் எழுதி, நாற்பத்திரண்டு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, பஸ்ஸில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மலைப்பாதையில் பஸ் நாலாவது வளைவைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் அதில் வடையின் எண்ணெயை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் வாந்திக்கு மடித்து வைத்திருந்தார்கள். படித்த ஒரே ஆள் டிரைவர். அவருக்குத் தமிழ் தெரியாது, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணேசன் ஓரத்தில் ஒரு ஆமை வரைந்திருந்தார்.

4

ரேவதி வெள்ளிக்கிழமையே அங்கே போய்விட்டாள். படகிலிருந்து இறங்கியபோது காக்கித் தொப்பியும் கழுத்தில் தொங்கும் விசிலுமாக நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொன்னாள். மராத்தியிலும் இந்தியிலும் விதிகளை ஒப்பித்தாள். எங்கள் ஆட்கள் விதிகளைக் கேட்கவில்லை, பேசுகிறவளைக் கேட்டார்கள். எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்றார் தலைவரின் மனைவி சரோஜாக்கா. நம்ம கணேசன் பொண்ணு இங்கே ஆபீசர், இனிமேல் கவலை இல்லை என்றார் தலைவர். கணேசன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்குமேல் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அதுவரைக்கும் ஈர மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் முழங்கால் தண்ணீரில் போய் நின்றேன். இருபது வருடம் கழித்துக் காலுக்கடியில் மணல் நழுவியது. திசைதான் தப்பு. இங்கே சூரியன் கடலில் விழுகிறது, எங்கள் பக்கம் கடலிலிருந்து எழும். அந்த ஒரு விஷயம் கடைசிவரை எனக்குச் சரிப்படவில்லை.

மூன்று மணிவாக்கில் தலைவருக்குப் புகைப்படம் ஞாபகம் வந்தது. சங்கத்தின் பேனரைப் பிரித்தார்கள். கட்டுவதற்கு இடம் வேண்டும். கயிற்றுக்கு அந்தப் பக்கம், நல்ல தூரத்தில், இரண்டு மூங்கில் கழிகள் யாரோ நமக்காகவே நட்டதுபோல நின்றன. ஆமைமுட்டை புதைத்த இடத்துக்கு அடையாளமாக நட்ட கழிகள். கணேசன் தயங்கியதை நான் பார்த்தேன். ரெண்டே நிமிஷம், நம்ம பொண்ணுதானே என்றார் தலைவர். விதிகளைத் தமிழில் எழுதிய அதே கையால் கணேசன் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். தலைவர் குனிந்து உள்ளே போனார். பின்னாலேயே பத்தொன்பது பேர் போனார்கள். பத்தொன்பதாவது ஆள் நான்.

நாங்கள் பேனருக்குக் கீழே வரிசை கட்டும்போது ஒரு சின்னப் பறவை எங்கள் முன்னால் வந்து விழுந்தது. உப்புக்கொத்தி. ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒடிந்துபோனதுபோல நாலு அடி நகர்ந்தது, விழுந்தது, மறுபடி நகர்ந்தது. ஐயோ பாவம், அடிபட்டிருக்கு என்று சரோஜாக்கா தண்ணீர் பாட்டிலோடு அதன் பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் நாலு பெண்கள். பிடிக்கப் போகும்போதெல்லாம் அது இன்னும் நாலு அடி தள்ளிப் போய் விழுந்தது.

அதற்கு அடி எதுவும் படவில்லை. முட்டை பக்கத்தில் இருந்தால் அது செய்கிற வேலை அது. ஆளைத் தன் பின்னால் வரவைத்து, முட்டையிலிருந்து விலக்கிக் கூட்டிக்கொண்டு போகும். எங்கள் குப்பத்தில் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியும். காலடியில் எங்கேயோ முட்டை இருக்கிறது என்றும் அந்த நொடியே தெரியும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கனத்த உடம்போடு, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடிக்கிற ஒரு பறவைக்குத் தண்ணீர் கொடுக்க சரோஜாக்கா ஓடுவதைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். இதை வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்லிச் சிரிக்கலாம் என்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும், இரண்டு நிமிஷம் இருக்கலாம்.

5

விசில் சத்தம் கேட்டது. ரேவதி ஓடி வரவில்லை. தரையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். எங்களுக்குப் பத்தடி தள்ளி நின்றாள்.

"அப்பா, ஹலு நகா. நகராதீங்க. காலுக்குக் கீழ முட்டை இருக்கு."

பொது இடத்தில் அவள் தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கணேசன் பேனரின் ஒரு முனையைப் பிடித்தபடி சிலை மாதிரி நின்றார். மற்ற இருபது பேரும் வந்த வழியே கயிற்றைத் தாண்டி ஈர மணலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. அத்தனை சுருக்காக எங்கள் சங்கம் எந்தக் காரியமும் செய்ததில்லை. நகராதே என்றதற்குக் கீழ்ப்படிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அகப்பட்டவரும் அவர் ஒருவர்தான்.

அவள் மண்டியிட்டு அவர் செருப்பைப் பிடித்து மெதுவாகத் தூக்கி வேறு இடத்தில் வைத்தாள். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கே காவலராக இருந்த உள்ளூர்க்காரர் பதிவேட்டை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். உங்கள் மொழி ஆட்கள், நீயே எழுது என்று சொல்லிவிட்டார்.

தலைவர் முன்னால் வந்து, நீ நம்ம வீட்டுப் பொண்ணு, வுட்டுடும்மா என்றார். அவள் யார் யார் உள்ளே போனது என்று கேட்டாள். செயலாளர்தான் பொறுப்பு, அவர் கயிற்றைத் தூக்கியதால்தான் நாங்கள் போனோம் என்றார் தலைவர். யாரும் மறுக்கவில்லை. அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"பேர் சொல்லுங்க."

"என் பேர் உனக்குத் தெரியாதாமா?"

"தெரியும். நீங்கதான் சொல்லணும். ரூல் அது."

அவர் சொன்னார். தகப்பன் பெயரும் சொன்னார். அவள் எழுதினாள். பேனா ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றது, பிறகு ஓடியது.

காவலர் எங்களை அடுத்த படகில் கிளம்பச் சொன்னார். குஞ்சு விடுவதைப் பார்க்க முடியாது. குழந்தைகள் அழத் தொடங்கினார்கள். சரோஜாக்கா என் முதுகில் கையை வைத்து, போ மல்லிகா, நீதான் மராத்தி பேசுவ, போய்க் கேளு என்று தள்ளினார். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனேன். கேட்கப் போனது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"நானும் உள்ளே போனேன் ரேவதி. என் பேரையும் எழுது. அது நடிக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா நின்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. தெரிஞ்சா ஏன்மா சொல்லல என்று கேட்டாள். சிரிப்பு வந்தது, அதனால் சொல்லவில்லை என்று எந்த மொழியில் சொல்வது? பால்வாடியில் இதற்கு வார்த்தை சொல்லித் தரவில்லை. நான் என் பெயரைச் சொன்னேன். அவள் எழுதினாள்.

பஸ்ஸில் எங்கள் பின்சீட்டு காலியாக இருந்தது. ஏழு பேர் நின்றுகொண்டு வந்தார்கள்.

6

அடுத்த மாதமே சங்கம் கூடி, செயலாளருக்கு வேலைப்பளு அதிகம் என்று கண்டுபிடித்து, அவரை விடுவித்தது. ஆண்டறிக்கையில், கடற்கரைச் சுற்றுலா இயற்கை அன்பர்களின் பாராட்டோடு இனிதே நடந்தது என்று போட்டார்கள். காயம்பட்ட பறவைக்கு நம் மகளிர் அணி தண்ணீர் கொடுத்ததாகவும் ஒரு வரி இருந்தது. அறிக்கையில் படமும் உண்டு. நடுவில் தலைவர். பேனரின் ஒரு முனையில் ஒரு கை மட்டும் தெரிகிறது. முகத்தை வெட்டிவிட்டார்கள்.

கணேசன் அதைப் பற்றியெல்லாம் பேசவில்லை. மகளோடும் பேசவில்லை. அவள் சனிக்கிழமை பையைத் தூக்கும்போது இவர் செய்தித்தாளை விரிப்பார். மூன்று வாரம் அப்படிப் போனது. நடுவில் நான் இரண்டு பேருக்கும் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். என் பங்கு என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

விதி மீறியவர்கள் மன்னிப்புக் கடிதம் கொடுக்கவேண்டும், அது வந்தால்தான் தடை எத்தனை நாள் என்று முடிவு செய்வார்கள். நான் என்னுடையதைப் பால்வாடி மராத்தியில் நாலு வரி எழுதி ரேவதியிடம் கொடுத்துவிட்டேன். இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேஜையில் உட்கார்ந்தார். இந்தியில் யோசித்து, மராத்தியில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். மத்தியானம் அதை ரேவதி முன்னால் தள்ளினார். பிழை பார் என்று சொல்லவில்லை, தள்ளினார் அவ்வளவுதான். அவள் பென்சில் எடுத்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினாள். ஒரு வரியில் நின்றுவிட்டாள். என் கவனக்குறைவால் ஒரு முட்டை உடைந்தது என்று எழுதியிருந்தார். அப்படித்தான் பதிவேட்டில் இருந்தது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவள் அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"ரெண்டு உடைஞ்சுதுப்பா. நான்தான் ஒண்ணுன்னு எழுதினேன்."

ஒன்று என்றால் கவனக்குறைவு, அந்த சீசனோடு தடை முடிந்துவிடும். ஒன்றுக்கு மேல் என்றால் சேதம். அடுத்த சீசனிலும் அந்த மணலில் கால் வைக்க முடியாது. இதை அன்றைக்குக் கரையில் எங்களுக்கு ஒப்பித்தவளே அவள்தான். இப்போது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணேசன் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். 'ஒரு' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே 'இரண்டு' என்று எழுதினார். 'இரண்டு' என்பதற்கு மராத்தியில் சின்ன வார்த்தைதான். ஆனாலும் எழுத்து சரியாக இருக்கிறதா என்று மகளிடம் காட்டிக் கேட்டார். சரியாக இருக்கிறது என்று அவள் தலையாட்டினாள்.

"ரெஜிஸ்டர்லயும் மாத்திடு" என்றார். "அது உன் கையெழுத்து."

அடுத்த வருட மார்ச்சும் வந்துவிட்டது. சங்கம் இன்றைக்கு மலைக்குப் போயிருக்கிறது. ரேவதி மணல் திட்டில் இருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் அங்கே அனுமதி இல்லை. இன்று சாயங்காலம் எத்தனை குஞ்சு கடலுக்குள் போனது என்று அவள் போனில் சொல்வாள், கணேசன் காலண்டரில் குறித்துக்கொள்வார்.